குழாய்க்கு நாற்பத்தோரு பெயர்

பாளையங்கோட்டையில் கட்டடப் படம் வரைகிற அலுவலகம் ஒன்று. அங்கே குரு மெஹராஜ் பானுவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு. மாற்றிச் சொல்லவில்லை, அப்படித்தான்.

சீடர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கையால் வரைந்த காலத்தில் அவர் போட்ட கோட்டின் மேல் எறும்பை விட்டால், அது இடம் வலம் சாயாமல் மறுமுனை போய்ச் சேருமாம். கம்ப்யூட்டருக்கு வந்து ஏழு மாதம். கோடு அதே கோடுதான். ஆனால் அவர் படத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவரே வந்து காட்டித்தர வேண்டும்.

"மேடம், பேத்தி பிறந்து ஒம்பது நாள் ஆச்சு. ஓசூர் போகணும். லீவு எப்பத் தருவீங்க?"

"உங்க லீவு என்கிட்ட இல்ல அண்ணாச்சி. உங்க படத்துகிட்ட இருக்கு."

அந்த நேரம் பிளம்பர் மிக்கேல் உள்ளே வந்தார். மறுநாள் காலை பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தரை கான்கிரீட். அதற்குமுன் கழிவுக் குழாய்களைப் புதைத்தாக வேண்டும். அவை மட்டும் தெரிகிற படம் கேட்டார்.

குரு சீடரை நாற்காலியிலிருந்து எழுப்பினார்.

"மிக்கேல், நீங்களே உக்காந்து எடுங்க. அண்ணாச்சி வாயத் திறக்கக்கூடாது."

கம்ப்யூட்டர் படம் என்பது கண்ணாடித் தாள்களை அடுக்கிவைத்த மாதிரி. சுவருக்கு ஒரு தாள், கதவுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. அதற்குத்தான் லேயர் என்று பெயர். வேண்டாததை அணைத்தால் வேண்டியது நிற்கும். ஞானசிகாமணியின் ஆஸ்பத்திரியில் குழாய்க்கு மட்டும் நாற்பத்தோரு லேயர். 'கழிவுக் குழாய்', 'செவ்வாய்க்கிழமை திருத்தம்', 'மேடம் திட்டினது', 'மிக்கேல் சொன்னது', 'மிக்கேல் மாத்திச் சொன்னது'... எண்ணி முடிப்பதற்குள் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கியது.

மிக்கேல் 'கழிவுக் குழாய்' ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தார்.

"என்ன அண்ணாச்சி, பிரசவ வார்டுக்குக் குழாயே காணோம்! தண்ணி மாடிக்கா ஏறிப்போகும்?"

சீடரின் வாய்க்குள் நாக்கு குதித்த குதியில் மேஜைமேல் இருந்த டீ தளும்பியது.

"மேடம், சொல்லிரட்டா?"

"சொல்லுங்க."

"அது 'மேடம் திட்டினது'ல இருக்கு."

மிக்கேல் சிரித்த சிரிப்பில் நாற்காலி இரண்டடி பின்னால் போனது.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மேடம். ஒண்ணு விடாம சொல்லுவேன்."

"ஆஸ்பத்திரி எம்பது வருஷம் நிக்கும் அண்ணாச்சி. அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து சொல்லப்போறீங்களா?"

சீடர் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஏழு மாதமாகச் சுவரில் ஒட்டியிருந்த லேயர்ப் பெயர்ப் பட்டியலை முதல்தடவையாக வாசித்தார். உட்கார்ந்தார். ஒவ்வொரு கோடாக எடுத்து அதற்குரிய லேயரில் போட்டார். 'மிக்கேல் மாத்திச் சொன்னது' லேயரில் ஒரு கழிவுக் குழாய் எதிலும் சேராமல் பாதியில் நின்றது. அது அவருக்கே ஞாபகம் இல்லை. சத்தம் காட்டாமல் அதைச் சேர்த்தார்.

மூன்று மணிக்கு நாற்பத்தொன்று மூன்றாகியிருந்தது. நல்ல தண்ணீர், கழிவு, மழைநீர்.

மிக்கேல் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு தட்டு. படம் வெளியே வந்தது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞானசிகாமணி மாடிப்படிவரை பின்னாலேயே ஓடினார்.

"மிக்கேலு, ஏதும் கேக்கணுமா?"

"எதுக்கு? அதான் எல்லாம் இதுல இருக்கே."

சீடர் திரும்பி வந்தார். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று முகத்துக்குப் பிடிபடவில்லை.

"மேடம், நான் ஓசூர்ல இருக்கும்போது யாருக்காவது சந்தேகம் வந்தா கூப்பிடச் சொல்லுங்க. எந்நேரம்னாலும் எடுப்பேன்."

குரு கையை நீட்டினார்.

"போனை இங்க வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. ஒம்பது நாள் பிள்ளை. தூக்க ரெண்டு கையும் வேணும்."