திருநெல்வேலி வரை நீண்ட பெயர்

தென்காசியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் தங்கபாண்டிக்கு அன்று கையில் இருந்த டீ ஆறிப்போனது. புதிதாக வந்த டீம் லீடர் ஜெபமலர் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "ஜாவாவுல நீள நீளமாப் பேரு வெச்சு எழுதுற முறையிலதான் இனி பைத்தான் புரோகிராமும் எழுதணும். பழசையெல்லாம் திங்கக்கிழமைக்குள்ள மாத்துங்க. அப்புறந்தான் லீவு."

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

டம்ளரை வைத்துவிட்டுத் தங்கபாண்டி ஆரம்பித்தான்.

"மேடம், ஜாவா கல்யாணப் பத்திரிகை மாதிரி. புரோகிராம்ல ஒரு பேரு வெச்சா அப்பன், பாட்டன், படிச்ச படிப்பு எல்லாம் அதுல வரணும். அங்க அது அழகுதான். பைத்தான் வாசல்ல நின்னு 'ஏட்டி, வா'ன்னு கூப்பிடுற மொழி. என் பழைய ஆபீஸ்ல ரெண்டையும் கலந்தோம். வெச்ச ஒரு பேரு ஸ்கிரீன்ல அடங்கல. பக்கத்துல இன்னொரு ஸ்கிரீன் வெச்சோம். அதுலயும் அடங்கல. சுவத்துல ஓட்டை போட்டு ஜெராக்ஸ் கடை வழியா வெளிய விட்டோம்!"

"விடுவீங்க, விடுவீங்க," என்றாள் பக்கத்து சீட்டு நஸ்ரின்.

"கேளும்மா! பேரு பஸ் ஸ்டாண்டைத் தாண்டிருச்சு. தெருக்காரங்க அது மேல சேலை காயப்போட்டாங்க."

"எழுத்து மேல துணி காயுமாண்ணே?"

"ராப்பகலா ஓடுற கம்ப்யூட்டரு! எழுத்து அனலாக் கொதிச்சுது. போட்டதும் காஞ்சுது!"

சிரிப்பில் நஸ்ரினுக்குப் புரையேறியது. ஜெபமலர் மட்டும் சிரிக்கவில்லை. தங்கபாண்டி கதையை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

"திருநெல்வேலி வரைக்கும் நீண்ட பேரோட கடைசி எழுத்துல ஒரு தப்பு. ஸ்கிரீன்ல மின்னிக்கிட்டு நிக்குற கர்சர் கோட்டை இங்கருந்து தட்டி விட்டுட்டு நான் பஸ் ஏறினேன். திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கி, அல்வா தின்னு, ஒரு தூக்கமும் போட்டாச்சு. அப்புறந்தான் கர்சர் தள்ளாடி வருது! கண்ணைச் சிமிட்டக்கூடத் தெம்பு இல்ல. நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தேன், மேடம்."

"ஐஸ் போட்டா?" என்றாள் நஸ்ரின்.

ஜெபமலர் நிதானமாகக் கேட்டாள். "ஜங்ஷன்ல, பேரு முடியுற இடத்துல, நீலச் சேலை கட்டி ஒருத்தி உக்காந்திருந்தாளே. பார்த்தீங்களா?"

தங்கபாண்டி இழுத்தான். "பா... பார்த்தேன் மேடம்."

"அது நான்தான். அந்தப் பேரைக் கடைசியிலருந்து வாசிச்சுக்கிட்டு வர்றேன். இன்னும் முதல் எழுத்துக்கு வந்து சேரலை. வந்ததும் சொல்றேன், அப்ப மாத்தலாம். அதுவரைக்கும் பழையபடியே எழுதுங்க."

தங்கபாண்டி துள்ளி எழுந்தான். "அப்ப ஞாயித்துக்கிழமை...?"

"போயிட்டு வாங்க. மடியை மட்டும் கொண்டு போங்க. வாய் இங்கேயே இருக்கட்டும், பிள்ளை பயந்துரும்."