நாற்பது பொட்டலம் மண்

“அம்மா, திரைக்குள்ள கை நுழையாது. செய்முறைப் பாடத்தை எடுத்துடலாம்” என்றார் பொன்னுரங்கம்.

மெகருன்னிசா நிமிர்ந்து பார்த்தார். இணையவழியில் விவசாயம் சொல்லித்தரும் அந்தப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். வயது நாற்பது. பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தைந்து. பள்ளி இயங்கும் அதே வளாகத்தில் இருபத்தாறு வருஷம் மண் பாடம் நடத்தியவர். திரையில் நடத்தத் தெரியாமல், இந்த வயதில், மெகருன்னிசாவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. மெகருன்னிசா அதில் கையெழுத்துப் போட்டால் போதும். நாற்பது மாணவர்களும் மண்ணைத் தொடாமலே சான்றிதழ் வாங்கிவிடுவார்கள்.

“பொட்டலம் அனுப்பினீங்களே, சார்?”

“அனுப்பினேன். அலமாரியில இருக்கற பன்னிரண்டு மண் சீசாவிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி. நாற்பது பேருக்கும் தபால்ல. பாதி போய்ச் சேரல. சேர்ந்ததும் வழியில உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. இதுல கேலி வேற.”

“யாரு?”

“கோவில்பட்டிப் பக்கம் ஒருத்தன், சுடலைக்கண்ணு. அவங்க ஊர்த் தபால்காரர் கேட்டாராம், ‘ஏம்லே, நம்ம ஊர்ல மண்ணு தீந்துபோச்சோ?’ன்னு. வகுப்பே சிரிக்குது.”

மெகருன்னிசாவும் சிரித்தார்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. “அந்தச் சீசாவுல எது என்ன மண்ணுன்னு விடை எனக்குத் தெரியும்மா. விடை தெரியாத மண்ணை வெச்சு எப்படிப் பாடம் நடத்தறது?”

மெகருன்னிசா கையை நீட்டினார்.

“கடிதமா?”

“அலமாரிச் சாவி.”

வாங்கினார். தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடினார்.

“கடிதத்தை வகுப்பு முடிஞ்சதும் குடுங்க.”

மணி நான்கு. திரையில் நாற்பது கட்டங்கள், நாற்பது முகங்கள். நடுவில் பெரிதாகப் பொன்னுரங்கத்தின் முகம்.

“உங்க கேமராவை அணைங்க, சார்.”

“நான் இல்லாம எப்படிம்மா?”

“மைக்கையும்.”

அணைத்தார். நடுக்கட்டம் இருண்டது.

மெகருன்னிசா தன் மைக்கில் பேசினார். “எல்லாரும் போனோட வெளியே வாங்க. வாசப்படி இறங்கினதும் காலடியில என்ன இருக்கோ அதுல ஒரு கை அள்ளுங்க. தண்ணி தெளிச்சுப் பிசையுங்க. பெருவிரலால விரல் மேல தள்ளுங்க. நாடா மாதிரி நீளுதா, உடையுதான்னு பாருங்க. போனை எதுலயாவது சாய்ச்சு வைங்க. உங்க முகம் வேண்டாம். கை தெரிஞ்சா போதும்.”

கட்டங்கள் குலுங்கின. கதவு, ஆடு, துணிக்கொடி, ஒரு துண்டு வானம். பிறகு ஒவ்வொன்றாக அசைவு நின்றது.

முகங்கள் போய்விட்டன. கைகள் இருந்தன.

ஒரு கட்டத்தில் கறுப்பு மண். அதற்குப் பக்கத்தில் செக்கச் சிவப்பு. கீழே சாம்பல் நிறம். கோத்தகிரிக் கட்டத்தில் காப்பித்தூள் போல ஒன்று. கடலோரக் கட்டத்தில் வெளுத்த மணல், விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தது. எண்பது கைகள் பிசைந்தன. கறுப்பு மண்ணிலிருந்து ஒரு நாடா கிளம்பியது. ஒரு அங்குலம். இரண்டு அங்குலம். விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. அறுந்து விழவில்லை.

பொன்னுரங்கம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது எழுவதுபோல எழுந்திருந்தார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் தொட்ட மண் பன்னிரண்டு. எல்லாமே காய்ந்தவை. எல்லாவற்றின் மேலும் அவர் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. இங்கே எதன் மேலும் பெயர் இல்லை.

“அய்யா, இது கைய விட மாட்டேங்கு” என்றது கறுப்பு மண் கட்டம். சுடலைக்கண்ணுவின் குரல்.

“எனக்கு நிக்கவே மாட்டேங்கு. ஒன் மண்ணுல ரெண்டு கூடை தாயேன், தம்பி.” இது கடலோரத்து பெர்னதெத்.

“தபால்ல போட்டு விடுதேன்க்கா.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்துவிட்டார். மைக் அணைந்திருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பெர்னதெத் கேட்டார்.

“சார், எல்லார் கையும் தெரியுது. ஒங்க கையக் காணுமே?”

பொன்னுரங்கம் பழக்கத்தில் அலமாரிப் பக்கம் திரும்பினார். பூட்டியிருந்தது. டிபன் பாக்ஸைப் பார்த்தார். மெகருன்னிசாவைப் பார்த்தார்.

மெகருன்னிசா எழுந்து போய் முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

இருபத்தாறு வருஷமாக அந்த முற்றத்தைத் தாண்டித்தான் பொன்னுரங்கம் வகுப்புக்கு வந்தார். ஷூ போட்டுக்கொண்டு.

வாசலில் ஷூவைக் கழற்றினார். வெறுங்கால் முதலில் கூசியது. கையிலிருந்த கடிதத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் முழங்காலிட்டார். தன் போனில் வகுப்பைத் திறந்து செங்கல்லில் சாய்த்து, கேமராவையும் மைக்கையும் போட்டார். ஒரு கை மண் அள்ளி, தோட்டக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துத் தெளித்தார்.

பிசைந்தார். பெருவிரலால் தள்ளினார்.

கொஞ்சம் நீண்டது. உடைந்தது. மறுபடி தள்ளினார். கொஞ்சம் கூடுதலாக நீண்டது. உள்ளே ஏதோ நெருடியது. சீசா மண் எதிலும் அவர் விரல் கண்டிராத நெருடல்.

“என்ன மண்ணு அய்யா?” என்றான் சுடலைக்கண்ணு.

பொன்னுரங்கம் மண்ணை இன்னொரு முறை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“தெரியல” என்றார். கையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

நாற்பது கட்டங்களிலும் முகங்கள் திரும்பி வந்தன. நாற்பதும் அவர் கையை நோக்கிக் குனிந்தன.