செம்புமலையில் சொல்லக் கூடாத சொல்

கல்லும் தவளையும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் செம்புமலை என்றொரு மலை இருந்தது. மலை ஒருவருடையது. அதைக் குடைந்த கைகள் ஊராருடையவை. உடையவருக்குக் குன்றுடையார் என்று பெயர். அவர் ஒரு நாளும் உளி பிடித்ததில்லை.

அந்த மலையில் செம்பு தனியாகக் கிடைக்காது. மஞ்சளாகப் பளபளக்கும் கல்லுக்குள் கந்தகத்தோடு பின்னிக் கிடக்கும். கல்லை விறகோடு அடுக்கிச் சுட்டால்தான் கந்தகம் பிடியை விடும். சுடும்போது எழும் புகையோ நெஞ்சைப் பிடிக்கும். சூளையில் நின்றவர்கள் தலை நரைக்கும் முன்பே செத்தார்கள். அங்கே கல் சுமந்த கொற்றி என்பவளின் புருஷன் சாத்தனும் சூளைக்காரன்தான்.

மலையில் ஒரு சட்டம் இருந்தது. ‘போதும்’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் செம்பு மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் என்றார் குன்றுடையார். ஊர் நம்பியது. உண்மையில், கூடை நிறைந்த பிறகும் சுமக்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம் அது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக ‘வளரட்டும்’ என்று சொல்லப் பழக்கினார்கள். கூடை நிறைந்தால் வளரட்டும். பொழுது சாய்ந்தால் வளரட்டும். வீட்டிலும் அதே பேச்சுதான்.

“இன்னொரு அகப்பை ஊத்தவா மாமா?” என்பாள் கொற்றி.

“வளரட்டும் புள்ள.” சாத்தன் கையால் தட்டை மறைத்துக்கொண்டு இருமினான். “வயிறு வெடிச்சாலும் நம்ம வாயில அதுதான் வரும். குன்றுடையார் கெட்டிக்காரர்.”

அன்றைக்கு அவன் இருமியதில் ரத்தம் வந்தது.

கொற்றி சுரங்கத்தின் கடைசிக்குப் போனாள். அழுவதற்கு வேறு இடமில்லை. ஈரப் பாறையில் கன்னத்தைச் சாய்த்தவளுக்கு உள்ளே ஏதோ கொறிக்கும் சத்தம் கேட்டது.

“யாரது?”

“நாங்கதான் ஆத்தா, கல்தின்னிக. உன் கண்ணுக்குத் தெரிய மாட்டோம். கல்லுல இருக்கிற கந்தகத்தைக் கொறிச்சு வயித்தைக் கழுவுறோம்.”

“கந்தகத்தைத் தின்னுட்டா செம்பு என்னாகும்?”

“அது எங்களுக்கு எதுக்கு? தண்ணியில கரைஞ்சு ஓடிரும். நாங்க இங்க கொஞ்சப் பேருதான். கல்லை உடைச்சு வெளியில குவி. காத்தும் தண்ணியும் காட்டு. மலையையே கரைச்சுத் தர்றோம்.”

நெருப்பு வேண்டாம், புகை வேண்டாம். கொற்றி பாறையில் காதை ஒட்டினாள். “எப்ப நிறுத்துவீங்க?”

“எங்களுக்கு வயிறு உண்டு, அளவு கிடையாது. கூப்பிட்ட வாய்தான் போதும்னு சொல்லணும். கூப்பிட ஒரு தடவை, நிறுத்த ஒரு தடவை. அதுக்கு மேல எங்க காது மூடிக்கும்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கொற்றி திரும்பிப் பார்த்தாள். பிறகு, “வாங்க,” என்றாள்.

கொற்றி சொன்னபடி ஊரார் கல்லை உடைத்து வெளியில் குவித்துத் தண்ணீரை ஊற்றினார்கள். குவியலின் அடியிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் நீர் வடிந்தது. அதில் பழைய இரும்பைப் போட்டால் செம்பு வந்து ஒட்டிக்கொண்டது. சூளைகள் ஆறின. சாத்தனின் இருமல் தணிந்தது. இனி எதற்கு என்று குன்றுடையார் சூளைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு மட்டும் அவருக்கு ‘போதும்’ என்று சொல்ல வந்தது.

செம்பு எடுத்த கழிவுநீர் ஓடையில் விழுந்தது. ஓடை சிவந்தது. வாயில் வைத்தால் புளித்தது. துணி துவைத்த பெண்களின் கால் தோல் உரிந்தது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு காலை தவளை ஒன்று கொற்றியின் வாசலுக்குத் தத்தி வந்தது.

“அக்கா, தண்ணி என்னைத் தின்னுது அக்கா.”

அவள் குனிவதற்குள் அது பேச்சை நிறுத்திவிட்டது.

குவியலருகே போய்க் காது கொடுத்தாள். முன்பு கொறிக்கும் சத்தமாக இருந்தது இப்போது கூரையில் விழும் அடைமழையாகக் கேட்டது. குன்றுடையாரிடம் ஓடினாள்.

“ஐயா, அதுகளை நிறுத்தணும். அடுத்தது எங்க ஊத்துதான்.”

“எந்தச் சொல்லால நிறுத்துவே? எங்கே, என் முன்னாடி சொல்லு பார்ப்போம்.”

கொற்றியின் வாய் திறந்து மூடியது.

“என் கிணறு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு,” என்று அவர் சிரித்தார்.

ஊரில் குடிக்க அந்த ஒரு ஊற்றுதான் மிச்சம். அதன் ஓரக் கல்லில் செம்மை படர்ந்த அன்று, புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சொல்லைப் பழகினார்கள்.

“போ...” என்றாள்.

“எங்க போறது?” என்றான் சாத்தன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “சொல்லு புள்ள. போ... தும்.”

“போ... தும்.” சொன்னதும் அவளுக்கு வியர்த்தது.

வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்தாள். சுவரெல்லாம் கசிந்தது. ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்து தீயாகச் சுட்டது.

“ஆத்தா வந்துட்டியா?” நாலாபுறமும் ஒரே குரல். “சொல்லு. பசிக்குது.”

கொற்றி வாயைத் திறந்தாள். நினைவு தெரிந்த நாள் முதல் தலையில் சுமை ஏறும்போதெல்லாம், கால் தள்ளாடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கு, அவளைக் கேட்காமல் தானே புரண்டது.

“வளரட்டும்!”

இரைச்சல் நின்றது. துளி விழும் சத்தம்கூட இல்லை.

“அப்படியே ஆகட்டும் ஆத்தா,” என்றன கல்தின்னிகள்.

ஒன்று இரண்டாகியது. இரண்டு நான்காகியது. அதன் பிறகு எண்ண ஆளில்லை. கொற்றி தரையில் விழுந்து, “போதும்! போதும்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். இப்போது சொல் பிசகவில்லை, தெளிவாகவே வந்தது. கேட்கத்தான் காது இல்லை. சில நாளில் மலைக்கு அந்தப் பக்கத்துக் கிணறும் சிவந்தது.

செம்புக்காக மலையை உடைத்த இடங்களில், ஆளும் உளியும் போன பிறகும் ஓடைகள் சிவந்து புளித்து ஓடுவது அன்று முதல்தான். மலையடி ஊர்த் தாய்மார்கள், ‘அம்மா’ சொல்லக் கற்ற பிள்ளைக்கு அடுத்த சொல்லாகப் ‘போதும்’ என்பதைச் சொல்லிக்கொடுப்பதும் அன்று முதல்தான்.