நாற்பத்து மூன்று ஏசியும் என் வீட்டு வாசலும்

சென்னையில ஏசி மெக்கானிக் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனா ஏகாம்பரம்னா அது நான் ஒருத்தன்தான். இதை ஊரே சொல்லும்னு சொல்லிக்க ஆசைதான். ஊர் சொல்லாததால நானே சொல்லிக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் போன ஞாயித்துக்கிழமை தேன்கனிக்கோட்டையில, மாமனார் வீட்டு ஹாலுல, மடியில ஒரு கிலோ மைசூர்பாக்கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பொண்டாட்டி பரிமளா கோவிச்சுக்கிட்டு அங்க போய் மூணு வாரம் ஆச்சு. வீட்டுல வெக்கை தாங்காம போயிட்டான்னுதான் நான் தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். இந்தத் தடவை அவளைக் கூட்டிக்காம திரும்பறதில்லைன்னு கிளம்பி வந்திருந்தேன். சமைக்கத் தெரியாதுங்கறது ஒரு காரணம். அவ இல்லாம வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கலைங்கறது இன்னொண்ணு.

எதிர்ல மாமனார் வேங்கடப்பன். மின்சார வாரியத்துல மீட்டர் கணக்கெடுத்து ரிட்டையர் ஆனவர். கண்ணால பாக்காத எந்த நம்பரையும் நம்ப மாட்டார். பக்கத்துல பரிமளாவோட அண்ணன் திருமால். பரிமளா அடுப்படியில இருந்தா. கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்துச்சு.

"அப்படி என்ன மாப்ள உங்க ஊர் வெயில்? எங்களுக்கும்தான் அடிக்குது" ன்னார் மாமனார்.

"மாமா, உங்க ஊர்ல அடிக்கறது வெயில். எங்க பவளமல்லித் தெருவுல அடிக்கறது நான் மாட்டின ஏசி" ன்னு ஆரம்பிச்சேன்.

விஷயம் இதுதாங்க. ஏசி உள்ளே குளுகுளுன்னு ஊதினா, வெளியில மாட்டற யூனிட்டு அந்தச் சூட்டையெல்லாம் தெருவுல கக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்க வருவார். இதனாலயே எத்தனையோ மெக்கானிக் தொழிலை விட்டுட்டு ஓடியிருக்கான். நான் ஓடலை. மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடிச்சேன். எல்லா யூனிட்டையும் என் வீட்டைப் பார்த்துத் திருப்பிட்டேன். நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவேன்? மாட்டினவனே நான்தானே! தெருவுல ஒரு சச்சரவு இல்லை. நாற்பத்து மூணு யூனிட்டு, நாற்பத்து மூணும் என் வீட்டு மேலதான் மூச்சு விடுது.

"நாற்பத்து மூணா? பொங்கலுக்கு வந்தப்ப முப்பத்தெட்டுன்னீங்க" ன்னு மாமனார் குறுக்கே புகுந்தார்.

"அந்த முப்பத்தெட்டோட சூடு தாங்காம அஞ்சு பேர் என்கிட்டயே ஏசி வாங்கினாங்க மாமா. தொழில் அப்படித்தான் வளருது."

"உன் வீட்டுல ஏன் ஒண்ணு மாட்டிக்கலை?" ன்னான் திருமால்.

"மாட்டினா வெளி யூனிட்டை யார் வீட்டுப் பக்கம் திருப்பறது? நாற்பத்து மூணு பேரும் அடிக்க வர மாட்டாங்க?"

அடுப்படியில ஒரு பாத்திரத்தை டொக்குன்னு வெச்ச சத்தம் கேட்டுச்சு. அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்னு எனக்குத் தெம்பு வந்துருச்சு. எனக்குத் தெம்பு வந்தா வாய் நிக்காது.

"எங்க தெரு முனையில இஸ்திரி போடறவர் எத்திராஜ் இருக்காரே, அவர் கரி வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. வண்டியை எங்க வாசல்ல தள்ளிக்கிட்டு வந்து, வெறும் பெட்டியை அஞ்சு நிமிஷம் அந்த அனல்ல காட்டுவார். அப்புறம் நாப்பது சட்டை தேய்ப்பார். பட்டுப் புடவைன்னா மட்டும் பெட்டியை ரெண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய் ஆற வெச்சுக்கிட்டு வருவார்."

"காத்தே வராதா உங்க தெருவுல?"

"எங்க மாமா வரும்? சுத்தி அஞ்சு மாடி, ஆறு மாடி. நடுவுல எங்க வீடு மட்டும் ஒத்தை மாடி. ஏரி இருந்த இடத்துல நானூறு ஃப்ளாட்டு. போதாததுக்குக் கிழக்கால முழுக்கக் கண்ணாடியில ஒரு ஆபீஸ் கட்டியிருக்காங்க. சாயங்காலம் மேற்கால ஒரு சூரியன், கண்ணாடியில ஒரு சூரியன். எனக்கு நிழல் ரெண்டு விழும். ஒரு நிழல் மட்டும்தான் என்கூட வீட்டுக்கு வரும். இன்னொண்ணு எதிர்வீட்டு ஹாலுக்குள்ள போய் ஏசியில உட்கார்ந்துக்கும். எட்டு மணிக்கு நான் போய்க் கூப்பிட்டாத்தான் எழுந்து வரும்."

திருமால் சிரிச்சான். மாமனார் சிரிக்கலை. "மழையாவது பெய்யுதா?" ன்னார்.

"நல்லா கேட்டீங்க. போன மாசம் சென்னை பூரா மழை. எங்க தெருவுக்கும் வந்துச்சு. எங்க தண்ணி டேங்க் உயரம் வரைக்கும் இறங்கினது, அங்கயே ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுது. அப்புறம் ஆவியாகி வந்த வழியே மேல போயிருச்சு. அடுத்த தெருவுல முழங்கால் தண்ணி. நாங்க குடையை விரிச்சது கீழயிருந்து வந்த அனலுக்கு."

"மாப்ள, போதும்."

"இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. சித்திரையில எனக்கு நூத்தி நாலு டிகிரி காய்ச்சல். அன்னைக்கு வீட்டுக்குள்ள நூத்திப் பன்னெண்டு. வீட்டுலயே குளுமையான பொருள் நான்தான்! தெருவே வந்து என்னைத் தொட்டுக்க வரிசையில நின்னுச்சு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஊசி போட வந்த டாக்டர் ஊசியைக் கீழ வெச்சுட்டு என் கையைப் பிடிச்சவர், விடவே இல்லை. கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்துல அன்னைக்குத்தான் பரிமளா என் நெத்தியில வெச்ச கையை எடுக்காம இருந்தா."

மாமனார் வாய்க்குள்ளயே கழிச்சுப் பார்த்தார். எட்டு டிகிரி வித்தியாசம் வந்துச்சு. நம்பர் சரியா இருந்ததால தலையை ஆட்டிட்டார்.

அப்பத்தான் பரிமளா கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தா. "எல்லாம் சொன்னீங்களே. வாசல்ல நின்ன புங்க மரம் எங்கேன்னு சொன்னீங்களா?"

அந்தப் புங்கமரம் கல்யாணமான வருஷம் அவ நட்டது. சாயங்காலம் அதுக்குக் கீழதான் நாற்காலி போட்டு உட்காருவா. அந்த நாற்பத்து மூணும் ஊதினதுல பாதியை அதுதான் வாங்கிக்கிட்டு நின்னுச்சு. அதோட பூ உதிர்ந்து யூனிட்டெல்லாம் அடைக்குதுன்னு வாடிக்கைக்காரங்க முணுமுணுத்தாங்க. அவ ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து ஆள் வெச்சு வெட்டிட்டேன். திரும்பி வந்து அடிமரத்தைப் பார்த்தவ, எடுத்துக்கிட்டு வந்த பையைப் பிரிக்காமலே அப்பா வீட்டுக்குக் கிளம்பிட்டா. இதையெல்லாம் மச்சான் முன்னாடி அவ சொல்லச் சொல்ல, எனக்கு நிஜமாவே வெட்கமா போச்சுங்க.

வெட்கப்பட்டவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமில்லையா? நான் சொன்னேன்: "அதுக்குத்தான் மறுநாளே வேற புங்கங்கன்னு நட்டுட்டேனே! எங்க தெரு சூடு தாங்காம அது மேலயே ஓடி, மூணே வாரத்துல எதிர்வீட்டு ரெண்டாவது மாடியைத் தொட்டுருச்சு. காக்கா கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குஞ்சு பறந்தும் போயாச்சு."

மாமனார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மாப்ள, மழை திரும்பிப் போனதை நம்பறேன். உங்க நிழல் எதிர்வீட்டுக்குப் போனதைக் கூட நம்பறேன். நீங்க குனிஞ்சு ஒரு குழி தோண்டினீங்கன்னதை மட்டும் நம்ப முடியலை."

பரிமளா என் பக்கம் திரும்பினா. "நிஜமா நட்டீங்களா?"

"நட்டேன்."

"சரி, வரேன்."

பத்தே நிமிஷத்துல பையோட வந்து நின்னுட்டா. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் தாங்கலை. அடுத்த நிமிஷமே அந்தக் கன்னு ஞாபகம் வந்துருச்சு.

பஸ் ஸ்டாண்டுல அவ தண்ணி பாட்டில் வாங்கப் போனா. பையை ஒரு கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால அவசர அவசரமா எத்திராஜுக்குப் போன் போட்டேன். "அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். உடனே நர்சரிக்குப் போய் இருக்கறதுலயே பெரிய புங்கங்கன்னா வாங்கி என் வாசல்ல நட்டுடுங்க. ராத்திரிக்குள்ள நாங்க வந்துடுவோம்."

எத்திராஜுக்கு மெதுவாப் பேசவே வராது. "எங்கப்பா நடறது? மரத்தை வெட்டின சூட்டோட, வண்டி நிறுத்தணும்னு இந்தக் காம்பவுண்டுலருந்து அந்தக் காம்பவுண்டு வரைக்கும் சிமெண்ட் போட்டதே நீதானே! வாசல்ல ஒரு கைப்பிடி மண்ணு இல்லையேப்பா!"

போனை வெச்சுட்டுத் திரும்பினா, பின்னாடி பரிமளா நிக்கறா.

"என்னவாம்?"

"மரம் ரொம்ப வளர்ந்து கரண்ட் கம்பியில இடிக்குதாம். கிளையைக் கழிக்கலாமான்னு கேக்கறாரு."

அவ கோவிச்சுக்கலை. என் கையிலருந்து அவ பையை மட்டும் வாங்கிக்கிட்டா. சென்னை பஸ் வந்து நின்னுச்சு.

"அவர் கத்தினது இந்த பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டுச்சு. நீங்க முன்னாடி போங்க. புங்கங்கன்னை வாங்கி எடுத்துக்கிட்டு நான் பின்னாடி வரேன். அதுக்குள்ள மண்ணு எங்கே இருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சு வைங்க."