சோதனைக்கு நின்ற குப்பம்மையார்

வெள்ளாற்றின் வடகரையில் திருப்பூங்குறிச்சி என்றோர் ஊர். அங்குள்ள கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்துப் பிழைத்தவர் குப்பம்மையார். பந்தி எழுந்ததும் இலைகளை மடித்துக் கூடையில் அள்ளுவார். பாயசம் சிந்திய தரையைக் கழுவி விடுவார். அத்தனை முகூர்த்தங்களில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் எவருமில்லை. கணவரை இளமையிலேயே இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தவர் ஊர்க்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பிறையணிநாதர் ஒருவரே. ஒவ்வோர் இலைக்கும் குனியும்போது 'சிவசிவ' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்.

மண்டபத்தில் வேலையில்லாத நாளெல்லாம் அம்மையார் கோயிலில்தான் இருப்பார். புல் செதுக்கும் உழவாரத்தை எடுத்துக்கொண்டு பிரகாரத்தில் மண்டிய நெருஞ்சியைச் செதுக்குவார். கோயிலோ பெரியது. மதிலெங்கும் அரசங்கன்றுகள் வேர் விட்டிருந்தன. திருக்குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. ஒருநாள், திருப்பணிக் குழுத் தலைவரான ரைஸ்மில் வைத்தியலிங்கத்திடம் சென்று, துணைக்கு ஆள் வேண்டுமென்று கேட்டார்.

"யாரும்மா வர்றா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஃபோன விட்டா ஒலகம் இல்ல" என்றார் தலைவர்.

"காலனிப் பசங்களக் கேட்டுப் பாத்தீங்களாய்யா?"

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று மாலையே அம்மையார் காலனிக்குப் போனார். வாய்க்கால் பாலத்துக் கட்டைச்சுவரில் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தனர். அவர்களில் எழில்மாறன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவன். கோயில் குளத்தைச் சுத்தம் செய்ய வரும்படி அம்மையார் அழைத்ததும் அவன் சிரித்தான்.

"எலக்‌ஷன் ஏதாவது வருதா?"

"இல்லப்பா."

"அப்ப யாரு அனுப்புனது? போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடவா? எங்கள வச்சு யாரு பேரு வாங்கப் போறா?"

"எம் மனசுல தோணிச்சு, வந்தேன். நீங்களும் சாமிக்குப் பிள்ளைங்கதான?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளாக இல்லாத பிள்ளைப் பாசம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவன் முணுமுணுத்தது அம்மையார் காதில் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்த திருநங்கை சௌந்தரியின் வீட்டுக்குச் சென்றார். சௌந்தரி கதவைப் பாதிதான் திறந்தார். "கோயிலுக்குள்ள கால வச்சா அடிப்பாங்கம்மா. மாட்டி விடப் பாக்குறியா?" என்றார். "வாசல்ல நான் நிக்கிறேன். அடி விழுந்தா மொதல்ல எனக்கு விழட்டும்" என்றார் அம்மையார். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் வீடுகளிலும் இதே அச்சம்தான்.

சொன்ன நாளில் அவர்களெல்லாம் வந்தார்கள். பக்தியால் வந்தவர் சிலரே. இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ளவே எழில்மாறன் வந்தான். ஆனால், சேற்றில் இறங்கிய அம்மையார் இடுப்பளவு நீரில் ஆகாயத்தாமரையை இழுப்பதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவனும் இறங்கினான். வாரங்கள் செல்லச் செல்லக் குளத்தில் தண்ணீர் தெரிந்தது. அரசங்கன்றுகள் வேரோடு வந்தன.

ஊர் அதைக் கண்டு மகிழவில்லை. மாறாக, காதோடு காது பேசிக்கொண்டது. இலை எடுக்கிறவளுக்கு எங்கிருந்து இத்தனை ஆள்? வெளியூர்க்காரன் எவனோ பின்னால் இருக்கிறான். குளத்தைத் தூர் வாருவதாகச் சொல்லிப் புதையல் தேடுகிறார்கள். டீக்கடையில் ஒருவர் சொன்னதை மளிகைக்கடையில் இன்னொருவர் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அம்மையார் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. கடந்து போனதும் மீண்டும் தொடங்கியது.

இந்நிலையில் ஒரு பிரதோஷத்தன்று சுவாமியின் முடிமேல் சாத்தும் வெள்ளிப் பிறை காணாமற்போயிற்று. அன்று காலையில்தான் அம்மையாரின் கூட்டத்தார் உட்பிரகாரத்தைக் கழுவியிருந்தனர். கருவறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஆனால் அதை யார் கேட்பது? "நான் அப்பவே சொல்லல?" என்றது ஊர். சபேச குருக்கள் தம்மீது பழி வந்துவிடுமோ என்று அஞ்சி வாய் திறக்கவில்லை.

வைத்தியலிங்கம் வாசலில் நின்று, "இனிமே ஒவ்வொருத்தரையும் சோதிச்சுத்தான் உள்ள விடுறது, வெளிய விடுறது" என்று அறிவித்தார்.

"சோதிங்கய்யா. என்னையத்தான் மொதல்ல சோதிக்கணும்" என்று அம்மையார் முன்னே வந்தார். "சாமி சோதிக்காதவங்க யாரு இருக்கா?"

தலைவர் நிறுத்திய வாசல் காவலர்கள் கூடையைக் கவிழ்த்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். அதில் இருந்தது திருநீற்றுப் பொட்டலம் ஒன்றுதான். அதையும் பிரித்து முகர்ந்து பார்த்தார்கள். சௌந்தரியின் முறை வந்தபோது சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் திரும்பிப் போய்விட்டார். எழில்மாறனும் போய்விட்டான். இருளர் பெண்கள் அதன்பின் வரவே இல்லை. அம்மையார் மட்டும் வந்தார். வாசலில் நின்று சோதனை கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் புல் செதுக்கினார். திரும்பும்போது மறுபடியும் சோதனை கொடுத்தார்.

ஊரார் சந்தேகம் அவரை அசைக்கவில்லை. அவரை அசைத்தது வேறொன்று. ஒருநாள் பாலத்தைக் கடந்தபோது எழில்மாறன் கையில் புது ஃபோன் ஒன்று மின்னியது. வேலை இல்லாதவனுக்கு இது ஏது என்று நெஞ்சில் ஒரு முள் தைத்தது. தட்டிவிட்டார், போகவில்லை. இலை எடுக்கையில் நினைவுக்கு வந்தது. சிவசிவ என்று சொல்ல வாய் எடுத்தால் அந்த ஃபோன் முன்னால் வந்து நின்றது.

அம்மையார் கோயிலுக்கு ஓடி நந்தி மண்டபத்தில் விழுந்து அழுதார். "அப்பா, உம் பிறை போனா போவட்டும். உன் பிள்ளைய நானே திருடனாப் பாத்துட்டனே. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு உன்ன எப்படிப் பாப்பேன்?"

அழுது முடித்ததும் நேரே பாலத்துக்குச் சென்றார். எழில்மாறனின் நண்பர்கள் முன்னிலையிலேயே அவன் எதிரில் கைகூப்பி நின்றார்.

"தம்பி, நீ எடுத்திருப்பியோன்னு நானும் சந்தேகப்பட்டுட்டேன். அத மனசுல வச்சுக்கிட்டு உன்ன நம்புறேன்னு சொல்ல முடியல. மன்னிச்சிருப்பா."

அவன் முகம் கறுத்தது. "ஊரே சந்தேகப்படுது. நீயும் படு" என்றான். சற்றுப் பொறுத்து, "எங்க அக்கா வளையல அடகு வச்சு வாங்கிக் குடுத்துச்சு. வேலை இன்டர்வியூவுக்கு இதுலதான் கூப்புடுவாங்களாம்" என்றான். அம்மையார் கூப்பிய கையை நெற்றிக்கு உயர்த்தினார். அவர் திரும்பி நடந்தபோது யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை கோயில் வாசலில் சோதனைக்கு நின்றபோது அவருக்குப் பின்னால் எழில்மாறன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் சௌந்தரி. அதற்கும் பின்னால் காலனி இளைஞர்களும் இருளர் பெண்களும். "எத்தன பேரு எங்கள என்னென்னமோ சொல்லிருக்காங்க. தப்பா நெனச்சிட்டேன்னு நேர்ல வந்து சொன்னவங்க நீ ஒருத்திதாம்மா" என்றான் எழில்மாறன். பிறகு காவலரிடம் திரும்பி, "சோதிங்க" என்று கைகளைத் தூக்கினான்.

ஐப்பசி பௌர்ணமி வந்தது, அன்னாபிஷேக நாள். விடாத மழை. சுவாமிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கையில், ஊற்றிய நீர் வெளியேறாமல் கருவறைக்குள்ளேயே தேங்கத் தொடங்கிற்று. நீர் வெளியேறும் கோமுகி அடைத்துக்கொண்டுவிட்டது. மூங்கில் விட்டுக் குத்தினார்கள், கம்பி விட்டார்கள், அசையவில்லை. கூரையில் ஒழுகிய மழைநீரும் சேர, தண்ணீர் குருக்களின் முழங்காலைத் தொட்டது. சுவாமி நீருக்குள் மூழ்குவதைக் கண்டு கூட்டம் கலங்கியது.

அம்மையாரின் கூட்டத்தாரோ மழையில் நனைந்தபடி வாசலில் சோதனைக்குக் காத்திருந்தார்கள். சபேச குருக்கள் நனைந்த வேட்டியோடு ஓடிவந்தார். "சோதிச்சது போறும்! அவாளை உள்ள விடுங்கோ!" என்று கத்தினார்.

கருவறைக்கு வெளியே கோமுகியின் வாய் குறுகலாக இருந்தது. எழில்மாறன் கை நுழையவில்லை. சௌந்தரி வளையல்களைக் கழற்றி அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, தரையில் படுத்துத் தம் ஒல்லியான கையைத் தோள்வரை உள்ளே விட்டார். அழுகிய வில்வமும் பூவும் நூலும் கட்டிக்கட்டியாக வந்தன. கடைசியாக ஏதோ கெட்டியாக அகப்பட்டது. இழுத்தார். நீர் பீறிட்டுப் பாய்ந்தது. அவர் உள்ளங்கையில் இருந்தது வெள்ளிப் பிறை.

அப்போதும் ஊரின் மனம் திறக்கவில்லை. "இங்கதான் ஒளிச்சு வச்சிருந்தாளா? எடம் தெரிஞ்சு எடுக்குறா பாரு" என்றது ஒரு குரல். வைத்தியலிங்கத்தின் நெற்றியும் சுருங்கியது. சௌந்தரி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கருவறை இருந்த திசையை நோக்கிக் கைகூப்பினார்.

குருக்கள் பிறையைக் கழுவி எடுத்துச் சென்று சுவாமியின் முடியில் சாத்தினார். அது வழுக்கி விழுந்தது. நூலால் கட்டிச் சாத்தினார். நூல் அவிழ்ந்து மறுபடியும் விழுந்தது. குருக்கள் பிறையைக் கையில் ஏந்திக்கொண்டார். வெளியே வந்து, "அன்னிக்கும் இப்படித்தான் விழுந்து, ஜலத்தோட கோமுகிக்குள்ள போயிருக்கு. திருகாணி தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். பயந்து வாய மூடிண்டு இருந்துட்டேன். இந்த ஜனங்கள் மேல பழி விழ விட்டது நான்தான்" என்று எல்லோர் முன்னும் அழுதார்.

மறுபடியும் சாத்திப் பார்த்தார். பிறை நிற்கவில்லை.

இத்தனை நாளும் யாரை வாசலில் நிறுத்தினோம் என்ற அச்சம் இப்போது வைத்தியலிங்கத்தைப் பற்றிக்கொண்டது. சேறு படிந்த சேலையோடு ஒதுங்கி நின்ற அம்மையாரின் முன் வந்து, "அம்மா, நீங்க வந்து சந்நிதியில நில்லுங்க" என்றார்.

"எல்லாரையும் கூப்புடுங்கய்யா. நான் மட்டும் தனியா எப்படிப் போறது?"

தலைவர் திரும்பினார். முதல்முறையாக அவர்கள் முகங்களைப் பார்த்தார். "எல்லாரும் வாங்க" என்று சொல்லி, கூட்டத்தை விலக்கித் தாமே வழிவிட்டார்.

ஈரம் சொட்டச் சொட்ட எல்லோரும் சந்நிதி முன் நின்றார்கள். குருக்கள் பிறையைச் சாத்திக் கையை எடுத்தார். திருகாணியுமில்லை, நூலுமில்லை. அன்னம் சாத்தி, தீபாராதனை முடிந்து, பிரசாதம் வழங்கி, ஊர் கலையும் வரையில் அந்தப் பிறை இம்மியும் நகரவில்லை. சௌந்தரி அழுதுகொண்டே இருந்தார். அம்மையார் அவருக்கு வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

அன்றோடு வாசல் சோதனை நின்றது. ஊரார் சிலர் உடனே மாறினர். சிலர் மாறப் பல நாளாயிற்று. அம்மையார் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. மறுநாள் முகூர்த்தம் என்று மண்டபத்துக்குப் போய்விட்டார்.

ஊர் சந்தேகித்தபோது பொறுத்து நின்றும், தம் நெஞ்சே சந்தேகித்தபோது பொறுக்காமல் ஓடிச்சென்று அறிக்கையிட்டும், யாரும் அழைக்காதவரையெல்லாம் ஐயன் வாசலுக்கு அழைத்துவந்த குப்பம்மையாரின் ஈரமான திருவடிகளை நாமும் நெஞ்சில் வைப்போமாக.