வராத லென்ஸ்

"அம்மா, வலது கண்ணு லென்ஸ் வர மாட்டேங்குது. பின்னால போயிடுச்சு. மூளைக்குப் போயிடுமாம்மா?"

கத்திக்கொண்டே தியான மண்டபத்துக்குள் ஓடிவந்தார் மாசிலாமணி. வயது அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர்.

குரு சுடர்மதிக்கு முப்பத்தைந்துதான். ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

துறவுக்கு வந்தவருக்குக் கான்டாக்ட் லென்ஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாசிலாமணி முறைத்திருப்பார்.

இடது கண் லென்ஸ் சமர்த்தாக வந்துவிட்டது. வலதுதான் அரை மணி நேரமாகப் பிடிவாதம். எத்தனையோ பேர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவர், இந்தத் துளியூண்டு வில்லையை வரவழைக்க முடியாமல் வியர்த்துப் போயிருந்தார். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. இருந்தும் மறுபடி விரலைக் கொண்டுபோனார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயடிக்கு இழுத்துப் போய் சோப்பைக் கொடுத்தார்.

"கண்ணு போகுதுன்னு சொல்றேன், கையைக் கழுவச் சொல்றீங்களே."

"கழுவுங்க ஐயா."

கழுவினார். சுத்தமான துணியில் துடைத்தார். அம்மா அவருடைய சொட்டு மருந்தையே வாங்கிக் கண்ணில் விட்டார். இமையை மெதுவாக மூடித் திறக்கச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் போக வழியே கிடையாது, பயப்பட வேண்டாம் என்றார்.

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. ஆனால் பொறுமை வரவில்லை. விரல் தானாக எழுந்தது.

"ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துடறேனேம்மா."

"இடது கண்ணைப் பொத்துங்க. வலது கண்ணால அந்த வேப்பமரத்தைப் பாருங்க. இலை தெரியுதா?"

"வெறும் பச்சையா இருக்கு."

"லென்ஸ் போட்டிருந்தா?"

"ஒவ்வொரு இலையா எண்ணிடுவேன்."

சொல்லிவிட்டு, திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

அம்மா டார்ச் அடித்து, இமைகளை விலக்கிப் பார்த்தார். கண்ணில் எதுவும் இல்லை. பிறகு மாசிலாமணியின் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். லென்ஸ். காய்ந்து, வெங்காயச் சருகு போலச் சுருண்டிருந்தது.

மாசிலாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கைதட்டினார். தியானத்தில் இருந்தவர்கள் எல்லாம் கண் திறந்து பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. கண் டாக்டரிடம் போக வண்டியை எடுக்கச் சொல்லி ஆளனுப்பினார்.

"அதான் வந்துடுச்சே. டாக்டர் எதுக்கும்மா?"

"இது விழுந்து காய்ஞ்சு ரொம்ப நேரமாச்சு ஐயா. அதுக்கப்புறம் எதைப் பிடிச்சு இழுத்தீங்க?"

மாசிலாமணி தன் விரல்களைப் பார்த்தார்.

மெல்ல, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.