தகைவிலான் வாயில் மண்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு மனிதர்களின் பேச்சு வரும். ரோமாபுரி ஆண்ட நாடுகளில் அதற்கு ரொம்ப மதிப்பு இருந்தது. கப்பல் புறப்படலாமா, படை கிளம்பலாமா என்பதையெல்லாம் பறவைகளிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். அப்படிக் கேட்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஒரு குறிகாரன் உண்டு. அவன் வளைந்த கோலைத் தரையில் தட்டிக் கேள்வி கேட்டால், பறவை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதன் நாக்கு தானாகவே உண்மையைச் சொல்லிவிடும்.

தெற்குக் கடற்கரையில் இருந்த ஒரு துறைமுக ஊருக்கு லார்கஸ் என்பவன் குறிகாரன். அவனுக்கு மிகவும் பிடித்த பறவை தகைவிலான் என்ற சின்னக் குருவி. அன்றைக்கு அது கடலோரப் பாறை இடுக்குகளில் வாழ்ந்தது. வால் மற்ற குருவிகளுக்கு இருப்பது போல மட்டமாக இருக்கும். குரல் மட்டும் வெண்கல மணி மாதிரி. கடல் தாண்டிப் போய் வரும் பறவை என்பதால் அதற்குத் தெரியாத சேதி இல்லை. அது பேச ஆரம்பித்தால் சந்தையே நின்று கேட்கும். தகைவிலானுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு கோடையில் அந்த ஊருக்குக் கொள்ளைநோய் வந்தது. காய்ச்சல் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே பாயோடு தூக்கிக் கோட்டை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். லார்கஸும் அப்படித்தான் செய்தான். அவனுடைய தம்பி குவார்ட்டஸ் வாசலோரம் கிடந்து, தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தான்.

தகைவிலான் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது செவேரா என்ற பெண் தண்ணீர்ச் சாடியோடு வந்தாள். துணி வெளுக்கும் பட்டறையில் வேலை செய்பவள். கைகளெல்லாம் சாம்பல் நீரில் வெடித்திருந்தன. குவார்ட்டஸின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, துணியை நனைத்து அவன் வாயில் பிழிந்தாள்.

"இவன் உனக்கு என்ன உறவு?" என்று கேட்டது தகைவிலான்.

"உறவில்லை. யாரென்றே தெரியாது."

"தொட்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளுமே!"

"ஒட்டிக்கொள்ளலாம்."

"நீ கிறிஸ்தவள்தானே? உங்கள் கடவுள் காப்பாற்றிவிடுவார் என்ற தைரியமா?"

செவேரா துணியை மறுபடி நனைத்தாள். "என் கணவர் இப்படி ஊழியம் செய்யப் போய்த்தான் போன மாதம் இறந்தார். அவரும் என்னைப் போலக் கிறிஸ்துவை நம்பியவர்தான். அதற்காக இவருக்குத் தாகம் எடுக்காமல் போய்விடுமா? சும்மா பேசிக்கொண்டிராமல் அந்த ஈக்களை விரட்டேன், உனக்குப் புண்ணியமாகப் போகும்."

தகைவிலானிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அதற்குக் கோபம்கூட வரவில்லை. பறந்து வந்து, குவார்ட்டஸின் முகத்தில் மொய்த்த ஈக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய தானியக் கிடங்கு. செவேராவும் அவளோடு சேர்ந்தவர்களும் நோயாளிகளை அங்கேதான் சுமந்து போனார்கள். தகைவிலான் கூடவே போய் உத்தரத்தில் உட்கார்ந்தது. பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி அடிமைக் கிழவனுக்குக் கஞ்சி ஊட்டுவதை அங்கேதான் அது முதன்முதலாகப் பார்த்தது. இறந்தவர்களைக் கழுவி, பெயர் சொல்லி, சொந்தப் பிள்ளைகளைப் போல அடக்கம் செய்தார்கள். நோய்க்குப் பயந்து வேறு எந்தப் பறவையும் அந்தப் பக்கம் வரவில்லை. தகைவிலான் மட்டும் தினமும் ஈ பிடிக்கப் போனது.

ஊரிலோ நோய் தணியவில்லை. "நம் தெய்வங்களுக்குச் சாம்பிராணி போடாத இந்தக் கிறிஸ்தவர்களால்தான் இவ்வளவும்!" என்று சனங்கள் கொதித்தார்கள். கிறிஸ்தவர்கள் கூடும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொளுத்தும்படி ஊர்த்தலைவன் கட்டளையிட்டான். லார்கஸ் சந்தை வெளியில் நின்று தகைவிலானை அழைத்தான். அது வந்து நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தது.

"ஊரெல்லாம் சுற்றுகிற பறவை நீ. கிறிஸ்தவர்கள் எங்கே கூடுகிறார்கள்?" என்று கேட்டுக் கோலை ஓங்கினான்.

பறந்து போனாலும் கோலின் கட்டளை விடாது. எங்கே இருந்தாலும் நாக்கு உளறிவிடும். கோல் தரையைத் தொடுவதற்குள் தகைவிலான் சட்டென்று கீழே பாய்ந்தது. ஊற்றடியில் இருந்த சேற்றை வாய் நிறைய, தொண்டை நிறைய அள்ளி அடைத்துக்கொண்டது.

கோல் தட்டியது. தகைவிலானின் நாக்கு துடித்தது. வார்த்தைகள் மண்ணில் முட்டி மோதின. "விட்... விட்... சிர்ர்..." என்று ஏதோ வந்ததே தவிர, ஒரு சொல்லும் விளங்கவில்லை. லார்கஸ் மறுபடி மறுபடி தட்டினான். அதே கீச்சொலிதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒரு காவலன் ஆத்திரத்தோடு அதன் வாலைப் பற்றி இழுத்தான். நடு இறகுகள் அவன் கையோடு பிய்ந்து வந்தன. ஓரத்து இறகுகளோடு தகைவிலான் தப்பிப் பறந்தது.

நேரே கிடங்குக்குத்தான் போயிற்று. செவேரா அதைக் கையில் ஏந்தி, விரல்நுனியால் மண்ணைத் தோண்டி எடுத்துத் தண்ணீர் விட்டாள். மண் வந்தது; பேச்சு வரவில்லை. என்ன நடந்ததென்று அது சொல்லப் பார்த்தது. "விட் விட்" என்றுதான் கேட்டது. செவேரா அதன் கிழிந்த வாலைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் கதவு திறந்தது. பறவை போன திசையைப் பார்த்து, லார்கஸ் தனியாகப் பின்தொடர்ந்து வந்திருந்தான். வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஆளைக் கண்டதும் அவன் கால்கள் நின்றுவிட்டன.

"அண்ணா," என்றான் குவார்ட்டஸ். "உள்ளே வா. ஏன் வாசலிலேயே நிற்கிறாய்?"

லார்கஸால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உன்னை நான்... வாசலில்..." என்று இழுத்தான்.

செவேரா அவன் யாரென்று கேட்கவில்லை. ஒரு சாடியை எடுத்து நீட்டினாள். "அந்த மூலையில் இருப்பவர் வெகுநேரமாகத் தண்ணீர் கேட்கிறார், ஐயா. நீங்கள் கொஞ்சம் கொடுக்கிறீர்களா?"

சாடியை வாங்கக் கை வேண்டியிருந்தது. லார்கஸ் கோலைக் கீழே போட்டான்.

அவன் ஊர்த்தலைவனிடம் திரும்பிப் போகவேயில்லை. நோய் ஓய்ந்தபோது, அந்தக் கிடங்கிலிருந்து பிழைத்து நடந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தங்கள் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் சேதி சொன்னார்கள். துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்காரர்களும் போன ஊரெல்லாம் சொன்னார்கள். ரோமாபுரி அரண்மனையிலிருந்து ஆணை எதுவும் இல்லாமல், அந்த விசுவாசம் வீடு வீடாகப் போயிற்று.

செவேரா மட்டும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கடைசியில் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. தகைவிலான் கடல் கடந்து போயிருந்த சமயம் அது. வசந்தத்தில் திரும்பி வந்து கிடங்கெல்லாம் அவளைத் தேடியது. பிறகு பாறைக்குத் திரும்பிப் போக மனமில்லாமல், வாய் வாயாக ஈர மண் கொண்டுவந்து, அவள் நடமாடிய இடத்துக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு கூடு கட்டியது. அதைக் கலைக்க யாருக்கும் கை வரவில்லை. அது வந்து போவதற்காக லார்கஸ் சாளரத்தைத் திறந்தே வைத்தான்.

அன்று முதல்தான் தகைவிலானின் வால் கத்தரிக்கோல் போலப் பிளந்திருக்கிறது; அதன் பேச்சு நம் காதுக்கு வெறும் கீச்சொலியாகிவிட்டது; வாயில் மண் சுமந்து வந்து, மனிதர்கள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே பயமில்லாமல் அது கூடு கட்டுகிறது.